ஜல்லி வரத்து நின்றால் ரெடிமிக்ஸ் ஆர்டர்களை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: நாமக்கல் பக்கம் ஒரே ஒரு பேச்சிங் பிளான்ட் (கான்கிரீட் கலந்து லாரியில் அனுப்பும் ஆலை) வைத்திருக்கிறேன். தினமும் 80 கன மீட்டர் கான்கிரீட் போகும், பெரும்பாலும் எம்25 (28 நாளில் 25 மெகாபாஸ்கல் வலிமை தரும் ரகம்). கிரஷர்கள் (கல் உடைக்கும் ஆலைகள்) வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள். யார்டில் 300 டன் எம்-சாண்ட் (பாறையை நொறுக்கிச் செய்யும் மணல்) இருக்கிறது, 12 எம்எம் ஜல்லி குறைவு. கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது விழும் தூள்) கலந்து ஓட்டலாமா? ஒப்புக்கொண்ட ஆர்டர்களுக்கு விலை ஏற்றலாமா?

பதில்: முதலில் கையிருப்பைக் கன மீட்டராக மாற்றிப் பாருங்கள். எம்25-க்கு ஒரு கன மீட்டருக்குச் சுமார் 780 கிலோ மணல் என்று வைத்தால் 300 டன்னுக்கு 384 கன மீட்டர் வரும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் மண் கலந்த மணலுக்குப் பத்து சதவீதம் கழித்தால் 345 தேறும். அதாவது நான்கு நாள் ஓட்டம். இதே கணக்கை 20 எம்எம், 12 எம்எம் ஜல்லி இரண்டுக்கும் போடுங்கள். எது முதலில் தீருமோ அதுதான் உங்கள் கையிருப்பு.

அந்த அளவுக்கு மேல் ஒரு கன மீட்டர்கூட ஒப்புக்கொள்ளாதீர்கள். 1,200 சதுர அடி வீட்டுத் தளத்துக்கு, பீமோடு சேர்த்து, 18 முதல் 20 கன மீட்டர் வேண்டும். மூன்றாவது வண்டிக்குப் பிறகு சரக்கு இல்லை என்று நிறுத்தினால் அந்தத் தளத்தில் கோல்ட் ஜாயின்ட் (பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாத இணைப்பு) விழும், பிறகு ஆயுசுக்கும் ஒழுகும். 2025 ஏப்ரல் வேலைநிறுத்தத்தின்போது அப்படிப் பாதியில் நின்ற ஒரு தளத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. கம்பி கட்டி, சென்ட்ரிங் முடிந்து காத்திருக்கும் தளங்களுக்கு முதலிடம் கொடுங்கள். பிசிசி (கம்பியில்லாத கான்கிரீட்), தரைக் கான்கிரீட் வேலைகள் ஒரு வாரம் பொறுக்கும்.

சரி, டஸ்ட் விஷயம். சல்லடையும் கழுவலும் இல்லாத டஸ்டை மணல் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 383 நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழுள்ள தூளை 15 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. 500 கிராம் காய்ந்த மணலை 75 மைக்ரான் சல்லடையில் கழுவி, மறுபடி காயவைத்து எடை போடுங்கள். 75 கிராமுக்கு மேல் குறைந்தால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள். தூளில் களிமண்ணும் இருந்தால் பிசிஇ அட்மிக்சரை (கான்கிரீட்டை இளக்கமாக வைக்கும் ரசாயனம்) அது உறிஞ்சிக்கொள்ளும். பிளான்டில் நன்றாக இருந்த ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கம்) சைட்டுக்குப் போவதற்குள் இறங்கிவிடும், டிரைவர் டிரம்மில் தண்ணீர் விடுவார். 28-ஆம் நாள் கியூப் (வலிமை சோதிக்க வார்த்த கான்கிரீட் கட்டி) உடைக்கும்போது அது தெரியவரும். அதற்குள் மேல்தளமே எழும்பியிருக்கும்.

வேறு கிரஷரில் நல்ல மணல் கிடைத்தாலும் பழைய மிக்ஸ் டிசைனை (கலவை அளவுகளை) அப்படியே ஓட்ட முடியாது. டிரையல் போட்டு 7 நாள் கியூப் பார்ப்பதே முறை. ஈரத்தையும் லோடுக்கு லோடு பாருங்கள். 780 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் ஏறக்குறைய 39 லிட்டர் தண்ணீர் கூடவே உள்ளே போகிறது. மணலை எப்போதும் எடைமேடையில் வாங்குங்கள். யூனிட் கணக்கில் (கன அடி அளவில்) வாங்கினால் ஈர மணல் உப்பி ஏமாற்றும். நடைச்சீட்டு (கனிமம் ஏற்றிச் செல்லும் அனுமதிச் சீட்டு) இல்லாமல் ராத்திரியில் வரும் லோடு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

12 எம்எம் தீர்ந்துவிட்டது என்று 20 எம்எம்-ஐ மட்டும் போட்டால் பம்ப் அடைக்கும். அப்படிப்பட்ட மிக்ஸை, அதற்கும் தனி டிரையல் போட்ட பிறகு, பம்ப் இல்லாமல் சூட்டில் (சரிவுத் தகடு வழியாக) இறக்கக்கூடிய ஃபுட்டிங் (அஸ்திவார) வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 எம்எம் தீர்ந்து சின்ன ஜல்லி மட்டும் மிஞ்சினால் செலவு கூடும். கலவை வடிவமைப்புக்கான ஐஎஸ் 10262 அட்டவணைப்படி ஒரு கன மீட்டருக்கு 20 எம்எம் ஜல்லிக்கு 186 லிட்டர் தண்ணீர், 10 எம்எம்-க்கு 208. நீர்-சிமென்ட் விகிதம் 0.50 என்றால் அந்த 22 லிட்டருக்கு 44 கிலோ சிமென்ட் கூடுதலாகப் போட வேண்டும். அதைப் போடாமல் தண்ணீரை மட்டும் ஏற்றினால் எம்25 என்று பில் எழுதவே முடியாது.

விலையைப் பொறுத்தவரை, கூடிய செலவை மட்டும் கேளுங்கள். மணல் டன்னுக்கு 200 ரூபாய் ஏறினால் ஒரு கன மீட்டருக்கு 156 ரூபாய், அவ்வளவுதான். கிரஷர் பில்லைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். முன்பணம் வாங்கிவிட்ட ஆர்டருக்குப் பழைய விலையிலேயே கொடுத்துவிடுவது நல்லது என்பது என் கருத்து. அடுத்த கொட்டேஷனிலிருந்து ஜல்லி, மணல், சிமென்ட், டீசல் நான்குக்கும் அன்றைய விலையை அடியில் எழுதி, மாறினால் ரேட் எப்படி மாறும் என்று சேர்த்துவிடுங்கள். இந்தச் சமயத்தில் கிரஷர்கள் ரொக்கம் கேட்பார்கள். ஆகவே 45 நாள் கடனில் எடுப்பவர்களிடம் பாதியாவது முன்கூட்டி வாங்குங்கள்.

வேலைநிறுத்தம் முடிந்த முதல் இரண்டு நாள் எல்லோரும் அவசரப்படுவார்கள், கிரஷரில் டஸ்டும் எம்-சாண்டும் கலந்தே வரக்கூடும். அந்த லோடுகளைத் தனிக் குவியலாகக் கொட்டி, கழுவிப் பார்த்த பிறகு பிளான்டின் பின்னில் (சேமிப்புத் தொட்டியில்) ஏற்றுங்கள்.