ஜோக்கருக்கு ரெண்டு கட்சி: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் 2019-ல் வந்த 'ஜோக்கர்' படத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். ஊரே கேலி செய்கிற ஆர்தர் என்ற கோமாளி, பேட்மேன் கதைகளின் வில்லனான ஜோக்கராக மாறுகிற கதை. ரொம்ப நல்ல படம், ஆனால் முக்கியமான ஒரு இடத்தில் கணக்கைத் தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்ட படம் என்பது அதன் சாரம். படத்தைப் பாராட்டியதற்காகப் பாதிக் கடிதங்கள் என்னைத் திட்டுகின்றன, குறை சொன்னதற்காக மீதிக் கடிதங்கள் திட்டுகின்றன. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒரு இங்கிலீஷ் படத்துக்காக இவ்வளவு பேர் பேனா எடுத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் புரொஜெக்டர் வைத்து இந்தப் படத்தைப் போட்டோம். முடிந்ததும் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் 'இந்தக் கண்றாவியை எதுக்குப் போட்டீங்க' என்று டீ கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். யார் பக்கம் நியாயம்? (ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: உங்கள் ஊரில் நடந்ததுதான் உலகம் முழுக்க நடந்தது. 2019 வெனிஸ் படவிழாவில் இதற்கு முதல் பரிசான தங்கச் சிங்கம் கிடைத்தது. காமிக்ஸ் பாத்திரத்தை வைத்து எடுத்த படத்துக்கு அங்கே அந்தப் பரிசு என்பது யாரும் எதிர்பார்க்காதது. அதே படத்தை அமெரிக்க விமர்சகர்கள் பலர் வெறுத்தார்கள், ஆபத்தான படம் என்றார்கள், உள்ளே சரக்கில்லாத படம் என்றார்கள், எழுபது எண்பதுகளில் ராபர்ட் டி நீரோ நடித்த படங்களின் நகல் என்றார்கள் (அந்த டி நீரோவே இதில் டிவி நிகழ்ச்சி நடத்துபவராக வருகிறார், அதனால் இயக்குநர் டாட் பிலிப்ஸ் எதையும் மறைக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்). ஜனங்கள் பார்த்துத் தள்ளினார்கள். வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது, அமெரிக்காவில் பெரியவர்களுக்கான 'ஆர்' சான்றிதழ் வாங்கிய எந்தப் படமும் அதுவரை அந்தத் தொகையைத் தொட்டதில்லை.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு காட்சியில் உங்கள் வட்டத்து ஆட்கள் என்ன செய்தார்கள் என்பதை வைத்தே ரெண்டு கட்சியையும் பிரித்துவிடலாம். ஆர்தர் தன் வீட்டுக்கு வந்த பழைய வேலைக் கூட்டாளியைக் கத்தரிக்கோலால் குத்திக் கொல்கிறான். கூட வந்த கேரி உயரம் குறைந்த மனிதர், சுவரோடு ஒட்டி நின்று நடுங்குகிறார். 'நீ போ, நீ ஒருத்தன்தான் எனக்கு நல்லது செஞ்சவன்' என்று ஆர்தர் விட்டுவிடுகிறான். கேரி கதவு வரை ஓடுகிறார், ஆனால் மேலே இருக்கும் சங்கிலி கைக்கு எட்டவில்லை. ரத்தம் தெறித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும் அதே கொலைகாரனிடம் திரும்பி, கதவைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் பார்த்த அரங்கில் அந்த இடத்தில் ஒரு கூட்டம் சிரித்தது. இன்னொரு கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு கேரியையே பார்த்தது. படம் முழுக்க ஊரே ஆர்தரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நம்மை உருகவைத்த இயக்குநர், இங்கே நம்மையே கேரியைப் பார்த்துச் சிரிக்க இழுக்கிறார். வேண்டுமென்றே நமக்கு வைத்த சோதனையா, சும்மா ஒரு கிச்சுக்கிச்சா? சோதனைதான் என்று நான் நம்புகிறேன். கோபித்துக்கொண்டு கிளம்பியவர்கள் கிச்சுக்கிச்சு என்று நினைத்திருப்பார்கள், அதற்கும் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

கேள்வி: கணக்கைச் சாதகமாக எழுதிக்கொண்டது என்று எழுதினீர்களே, அது என்ன? படத்தில் பொய் எதுவும் இல்லையே. (கல்லூரி மாணவர், ஊட்டி)

பதில்: ஆர்தர் யார் யாரைக் கொல்கிறான் என்று ஒவ்வொருவராக யோசியுங்கள். ரயிலில் ஒரு பெண்ணைச் சீண்டி, பிறகு இவனையும் அடித்து உதைத்த மூன்று பேர். துப்பாக்கியைத் தானே கொடுத்துவிட்டு ஆபீசில் மாற்றிச் சொன்ன கூட்டாளி. சின்ன வயதில் தன்னைச் சித்திரவதை செய்தபோது தடுக்காத அம்மா. ஊர் பார்க்கத் தன்னைக் கேலி செய்த டிவி ஆள். ஒவ்வொருவர் சாகும்முன்னும் அவர் என்ன தப்பு செய்தார் என்பது நமக்குக் காட்டப்பட்டுவிடுகிறது, அதனால் சாவு விழும்போது நமக்கு உறுத்துவதில்லை. அப்படி எந்தத் தப்பும் செய்யாத இரண்டு பேரிடம் வரும்போது மட்டும் கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் சோஃபி என்ன ஆனாள் என்று காட்டவில்லை. கடைசியில் மனநல விடுதியில் அவனிடம் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் காட்டவில்லை, அவன் நடக்கிற தரையில் ரத்தக் காலடித் தடம் மட்டும்தான்.

அந்த ஒரு சாவை நம் கண்முன் வைத்திருந்தால் கைதட்டின பாதிப் பேருக்குக் கை எழும்பியிருக்காது. படம் அங்கே பின்வாங்கியது என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: நான் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் தாத்தா காலத்தில் இலங்கையிலிருந்து வந்தோம். படத்தில் அந்தப் பணக்கார வேட்பாளர் ஏழைகளைக் கோமாளிகள் என்று சொல்லும்போது எனக்கு ரத்தம் கொதித்தது. கலவரம் வெடிக்கும்போது மனசு லேசானது. இது தப்பா? (ஒரு வாசகர், கூடலூர்)

பதில்: தப்பே இல்லை தம்பி. 1964 ஒப்பந்தத்தில் இந்தியா, இலங்கை என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டதில் வந்து சேர்ந்த குடும்பம் உங்களுடையது. மேலே இருக்கிறவன் வாய்க்கு வந்தபடி பேசுவது எப்படி வலிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குப்பை அள்ளாத தெரு, நாறும் அபார்ட்மெண்ட், கண்டுகொள்ளாத நகராட்சி, கொழுத்த ஒரு வேட்பாளர், இதையெல்லாம் 1981-ல் நடக்கும் கதையாகப் போட்டாலும் படம் சொல்வது இன்றைக்கும் நிஜம். இந்தப் படத்தைச் சும்மா ரத்தப் படம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் ஒத்துப்போகாததும் இதனால்தான்.

ஆனால் ஒரு காட்சியை நீங்கள் மறுபடி பார்க்க வேண்டும். அரசு ஆலோசனை மையத்தில் ஒரு கறுப்பினப் பெண் அதிகாரி. நிதியை வெட்டிவிட்டார்கள், அடுத்த வாரம் முதல் மையம் கிடையாது என்கிறாள். உன்னைப் போன்றவர்களைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை, என்னைப் போன்றவர்களைப் பற்றியும் இல்லை என்கிறாள். வேலை போகப்போவது அவளுக்கும்தான். அவளும் அதே ஊரில், அதே குப்பைக்கு நடுவில்தான் வீட்டுக்குப் போகிறாள், அவள் யாரையும் சுடப் போவதில்லை. படம் அந்த முகத்தை ஒரு நிமிஷம் காட்டிவிட்டு விட்டுவிடுகிறது. உங்கள் தாத்தா பாட்டி கதை ஆர்தர் கதையைவிட அந்தப் பெண்ணின் கதைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதை ஒருவர் முழுப் படமாக எடுத்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ படிக்கிறான். போனைத் திறந்தால் ஜோக்கர் படம்தான். இந்தப் படத்தால் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடந்ததாமே, எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், குன்னூர்)

பதில்: முதலில் அந்தச் செய்தியைச் சரி செய்துவிடுவோம் அம்மா. துப்பாக்கிச் சூடு நடந்தது 2012-ல், கொலராடோவில் அரோரா என்ற ஊரில், வேறொரு பேட்மேன் படம் ஓடிக்கொண்டிருந்த தியேட்டரில். 12 பேர் இறந்தார்கள். சுட்டவன் ஜோக்கர் வேஷத்தில் வந்தான் என்று அப்போது பரவியது வதந்தி, அவன் போட்டிருந்தது குண்டு துளைக்காத உடையும் வாயு முகமூடியும். ஏழு வருஷம் கழித்து 'ஜோக்கர்' வந்தபோது, அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் வார்னர் பிரதர்ஸுக்குக் கடிதம் எழுதின. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார்களே தவிர, படத்தைத் தடை செய்யச் சொல்லவில்லை. அந்தத் தியேட்டரில் மட்டும் படம் திரையிடப்படவில்லை. அவ்வளவு இழந்தவர்களே அவ்வளவு நிதானமாகக் கேட்டிருக்கிறார்கள்.

உங்கள் பையன் விஷயம். இங்கே 'ஏ' சான்றிதழ் வாங்கிய படம் இது, 18 ஆகாமல் பார்க்கக் கூடாது, அதைக் கறாராகச் சொல்லுங்கள். ஏற்கெனவே பார்த்துவிட்டான் என்றால் போனைப் பிடுங்காதீர்கள். மேலே சொன்ன கேரி காட்சியைக் கேளுங்கள், அங்கே உனக்கு என்ன தோன்றியது என்று. 'பாவம்மா அந்த ஆளு' என்று சொன்னால் நிம்மதியாகத் தூங்குங்கள். ஆர்தரின் தனிமையைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசினான் என்றால், படத்தை விடுங்கள், பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கூட்டாளி யாராவது இருக்கிறார்களா என்று மெதுவாக விசாரியுங்கள்.

கேள்வி: நான் மனநலப் பிரிவில் வேலை பார்த்தவள். மனநோய் வந்தவர்கள் என்றாலே கொலை செய்வார்கள் என்று காட்டும் படத்தை எப்படி நல்ல படம் என்கிறீர்கள்? (ஓய்வு பெற்ற நர்ஸ், ஊட்டி)

பதில்: உங்கள் கோபத்துக்கு முன்னால் நான் கையைக் கட்டித்தான் நிற்க வேண்டும். மனநோய் உள்ளவர்களில் ஆகப் பெரும்பாலானோர் யாரையும் தொடுவதில்லை, அவர்கள் அடி வாங்குவதுதான் அதிகம். இது உங்களுக்குத் தெரியும், படம் பார்க்கிற எல்லாருக்கும் தெரியாது. அடக்க முடியாத சிரிப்பு என்று ஆர்தருக்குக் காட்டுவது நிஜமாகவே இருக்கும் ஒரு கோளாறு. மூளையில் அடிபட்டாலோ நரம்பு நோயாலோ, துக்கத்தில் இருக்கும்போதே சிரிப்பு பீறிட்டு வரும். பஸ்ஸில் அவன் தன் நிலையை விளக்கும் அட்டையை எடுத்து நீட்டுகிற காட்சியில் அந்த வேதனையைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள். பிறகு மாத்திரை நின்றது, கொலைகள் தொடர்ந்தன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்தான் நீங்கள் சொல்கிற அநியாயம் நடந்துவிட்டது. இதில் நான் உங்கள் கட்சி.

இதைப் படிக்கிற யாருக்காவது மனசு சரியில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கேள்வி: சூப்பர் ஹீரோ என்றால் குழந்தைகள் விஷயம். அதை ஏன் இப்படி இருட்டாக்க வேண்டும்? (ஒரு வாசகர், கொடைக்கானல்)

பதில்: பேட்மேன் 1939-ல் வந்தார், ஜோக்கர் 1940-ல். தொடக்கத்திலேயே அந்த ஜோக்கர் ஆட்களை விஷம் வைத்துக் கொல்கிறவன்தான். 1954-ல் அமெரிக்கக் காமிக்ஸ் கம்பெனிகள் தங்களுக்குத் தாங்களே தணிக்கை விதி போட்டுக்கொண்ட பிறகுதான் எல்லாம் பளிச்சென்று ஆனது, 1966 டிவி தொடரில் கோமாளித்தனமே மிஞ்சியது. அப்புறம் எண்பதுகளில் பழைய இருட்டு திரும்பி வந்தது.

நமக்கும் இது புதுசில்லை. 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி ஆரம்பத்தில் மனசு திரிந்து தப்பான வழிக்குப் போனவர். லயன் காமிக்ஸின் ஸ்பைடர் குற்றச் சக்கரவர்த்தியாக ஆசைப்பட்டுக் கிளம்பியவர். ஊட்டி சேரிங்கிராசில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு அதையெல்லாம் படித்த பையன்கள் யாரும் கெட்டுப்போகவில்லை.

கேள்வி: இரண்டாம் பாகம் ஏன் ஊத்திக்கொண்டது? (ஒரு வாசகி, குன்னூர்)

பதில்: 2024-ல் வந்தது, லேடி காகாவோடு, பாட்டும் கோர்ட்டுமாக. முதல் நாள் படம் பார்த்து வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் என்ற கணிப்பு அமெரிக்காவில் உண்டு. முதல் படத்துக்கு 'பி பிளஸ்', இதற்கு 'டி'. பாட்டு பிடிக்கவில்லை, மெதுவாகப் போகிறது என்பதெல்லாம் சரிதான், எனக்கும் நடுவில் அலுத்தது. ஆனால் ஜனங்களுக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். கேரி மறுபடி வருகிறார், கோர்ட்டில் சாட்சியாக. அந்தக் கொலையைப் பார்த்த பிறகு தன் வாழ்க்கை என்ன ஆனது, எவ்வளவு பயத்தோடு இருக்கிறேன் என்று ஆர்தரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். முதல் படத்தில் நாம் சிரித்த ஆள் அவர். அதன் பிறகு ஆர்தரே ஜோக்கர் என்று ஒருவன் கிடையாது, நான்தான் செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறான், அவனைக் கொண்டாடின கூட்டம் எழுந்து வெளியே போகிறது. தியேட்டரிலும் அதேதான் நடந்தது. முதல் படம் ஒளித்துவைத்த கணக்கை இரண்டாவது படம் எடுத்து நீட்டியது, அதைத் தைரியமான படம் என்றுதான் சொல்வேன், நல்ல படமாகவும் இருந்திருக்கலாம்.

கேள்வி: எல்லாரும் அந்தப் படிக்கட்டு டான்ஸைப் பற்றியே பேசுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகர், கோத்தகிரி)

பதில்: நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கும் நிஜமான படிக்கட்டு அது. அதில் ஆர்தர் முன்பாதியில் ஏறிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள், தோள் தொங்கி, ஒவ்வொரு படியாக. குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டுக்குக் காய்கறிப் பையோடு படியேறுகிறவர்களின் நடை மாதிரியே இருக்கும். இறங்கும்போதுதான் ஆட்டம். இந்தப் படத்துக்காக 20 கிலோவுக்கு மேல் எடை குறைத்த வாக்கீன் ஃபீனிக்ஸின் முதுகெலும்பே நடிக்கிறது, ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான். இன்னொரு ஆஸ்கர் இசைக்கு, ஐஸ்லாந்துக்காரரான ஹில்டுர் குத்னாடோட்டிருக்கு. படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையைப் படித்துவிட்டு செல்லோ என்ற தந்தி வாத்தியத்தில் அமைத்த இசை அது. ரயில் கொலைக்குப் பிறகு கழிப்பறையில் ஆர்தர் மெதுவாக ஆடுகிறானே, அந்த இசையை அங்கேயே ஒலிக்கவிட்டு அதைக் கேட்டு ஃபீனிக்ஸ் ஆடியது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பேட்மேன் படம் எதுவும் பார்க்காதவர் இதைப் பார்க்கலாமா? (ஒரு வாசகி, கூடலூர்)

பதில்: தாராளமாக. வேட்பாளர் தாமஸ் வேயினின் சின்னப் பையன் புரூஸ்தான் வளர்ந்து பேட்மேன் ஆகப்போகிறான், இது தெரிந்தால் போதும். முடிந்தால் யாராவது ஒருவரோடு சேர்ந்து பாருங்கள், ராத்திரி தனியாக வேண்டாம்.