சோப்பு, டீத்தூள் வாங்கும்போது பொறுப்பான நிறுவனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், அதுதான் முதல் வேலை. முன்பக்கத்து இலைப் படத்துக்கு மதிப்பே இல்லை. எங்கள் வீட்டுப் பாத்திர சோப்பு உறையில் 'பூமிக்கு நல்லது' என்று பெரிதாக இருந்தது; எப்படி நல்லது என்று பின்பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆதாரம் காட்டாத இந்த மாதிரி விளம்பரங்களுக்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது.

உணவுப் பொருள் என்றால் இயற்கை வேளாண் உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரை, துணி என்றால் கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இவை பொருளைப் பற்றித்தான் சொல்லும், நிறுவனத்தைப் பற்றி அல்ல.

நிறுவனத்தைத் தெரிந்துகொள்ள, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கிய பொறுப்பு அறிக்கையைப் பாருங்கள். பங்குச்சந்தையில் மதிப்பின்படி முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் ஆண்டறிக்கையோடு இதைத் தரவேண்டும். நூறு பக்கத்தையும் படிக்க யாருக்கு நேரம்? குறைந்தபட்சக் கூலிக்கு மேல் எத்தனை பேர் வாங்குகிறார்கள், எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள் என்ற இரண்டு அட்டவணைகள் போதும். கூலி அட்டவணையில் நிரந்தரப் பணியாளர், நிரந்தரமில்லாத மற்றவர் என்று தனித்தனியே இருக்கும். நான் முதலில் பார்ப்பது மற்றவர் வரிசையை.

சிறு நிறுவனங்களுக்கு இந்த அறிக்கை கட்டாயமில்லை. டீத்தூளுக்கு நான் டேன்டீ வாங்குகிறேன். இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தர 1968-இல் நீலகிரியில் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம் அது. அரசு என்பதாலேயே எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். அப்புறம், மளிகைக்கடையில் சில்லறையாகக் கிடைக்கும் பருப்புக்குத் துணிப்பை கொண்டுபோனால் பாக்கெட்டே வேண்டாம்.