சிரிய உள்நாட்டுப் போரில் ஆசாத் அரசை ரஷ்யா ஏன் அவ்வளவு தூரம் தாங்கிப் பிடித்தது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போலிருக்கிறது. "சிரியாவின் டார்டஸ் துறைமுகத்தில் ரஷ்யக் கடற்படைத் தளம், பழைய நட்பு, ஆயுத விற்பனை" என்று எழுதுங்கள், மதிப்பெண் விழும். எனக்கு மட்டும் அது செரிக்கவில்லை. 1971 முதல் இருந்தாலும், போர் தொடங்கியபோது டார்டஸ் பெரிய போர்க்கப்பல்களுக்குப் போதாத சின்னத் துறைதான். சிரியா தரவேண்டியிருந்த சோவியத் காலக் கடன் 1,340 கோடி டாலரில் ஏறத்தாழ முக்கால்வாசியை 2005-இல் ரஷ்யாவே தள்ளுபடி செய்துவிட்டது. லாபக் கணக்கு எங்கே இடிக்கிறது பாருங்கள்.

நான் சரக்குக் கப்பலில் இருந்தவன். கருங்கடலுக்குள் கோதுமை ஏற்றப் போகும்போது, முறை வரும்வரை துருக்கியின் மர்மரா கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருப்போம். அப்போது பாஸ்பரஸ் நீரிணையிலிருந்து ரஷ்யத் தரையிறக்கக் கப்பல்கள் தெற்கே போகும். மேல்தளத்தில் தார்ப்பாய் மூடிய வண்டிகள், சுமையில் கப்பல் நீருக்குள் நன்றாக அமிழ்ந்திருக்கும். திரும்பும்போது சிவப்பு அடிப்பாகம் வெளியே தெரிய, காலியாக மிதந்து வரும். எதற்கு இந்தச் செலவு என்று எங்கள் ரஷ்ய சீஃப் இன்ஜினியரிடம் கேட்டேன். "லிபியா" என்றார், அவ்வளவுதான்.

2011 மார்ச்சில் லிபியா பற்றிய ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1973-ஆம் எண் தீர்மானத்துக்கு வீட்டோ போடாமல் ஒதுங்கி நின்றது ரஷ்யா. பொதுமக்களைக் காப்பதாக ஆரம்பித்த மேற்கு நாடுகளின் தாக்குதல் கடாஃபி ஆட்சி கவிழ்ந்ததில் முடிந்தது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை போகுமா? அதே ஆண்டு அக்டோபர் 4 அன்று சிரிய அரசைக் கண்டிக்கும் தீர்மானத்தைச் சீனாவோடு சேர்ந்து தடுத்தது. 2015 செப்டம்பர் 30-இல் ரஷ்ய விமானங்களே குண்டு போட இறங்கின. சிரியாவில் ஹ்மெய்மிம் விமானத் தளம், டார்டஸுக்கு 49 ஆண்டு ஒப்பந்தம் எல்லாம் அந்த வீட்டோவுக்குப் பிறகு வந்த வரவு.

உடனே "ரஷ்ய அடிவருடி" என்று கமெண்ட் போட வேண்டாம். அலெப்போ நகரில் குண்டுவீச்சில் நடந்ததை நான் நியாயப்படுத்தவில்லை, காரணம் சொல்கிறேன்.

ஆசாத் மீது பாசம் என்று நம்புகிறவர்கள் அவர் ஆட்சி கவிழ்ந்த 2024 டிசம்பரைப் பாருங்கள். உக்ரைனில் கை மாட்டியிருந்த ரஷ்யா ஆட்சியைக் காப்பாற்றவில்லை, ஆளுக்கு மட்டும் மாஸ்கோவில் இடம் கொடுத்தது. ரஷ்ய விமானங்கள் யார் படைமீது குண்டு போட்டனவோ, ஆசாத்தைக் கவிழ்த்துச் சிரிய அதிபரான அந்த அல்-ஷராவை 2025 அக்டோபரில் கிரெம்ளினில் கைகுலுக்கி வரவேற்றார் புதின்.