கழிவு மேடு நிற்குமா, சரியுமா? சுரங்க மண், பாறை கேள்வி பதில்

கேள்வி: டிப்பர் கொட்டிய பாறை தானாகவே 37 பாகையில் நிற்கிறது. அதையே உராய்வுக் கோணம் (துகள்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் தாங்கும் பலத்தைச் சொல்லும் கோணம்) என்று கணக்கில் போடலாமா?

பதில்: அந்தக் கோணத்தில் நிற்கும் முகத்தின் பாதுகாப்பு எண் (தாங்கும் பலத்தைச் சரிக்கும் விசையால் வகுத்தால் வருவது) ஏறக்குறைய 1, அவ்வளவுதான். மேட்டின் உள்ளே கதை வேறு. 80 மீட்டர் உயரம், கன மீட்டருக்கு 19 கிலோநியூட்டன் எடை என்றால் அடியில் அழுத்தம் சுமார் 1,500 கிலோபாஸ்கல். அங்கே கல்லின் முனைகள் நொறுங்கும். அழுத்தம் பத்து மடங்கானால் பாறைக் குவியலின் உராய்வுக் கோணம் 5 முதல் 7 பாகை இறங்கலாம். 50, 100, 200 கிலோபாஸ்கலில் மட்டும் சோதித்துவிட்டு, அந்த நேர்கோட்டை 1,500 வரை நீட்டாதீர்கள்.

கேள்வி: ஆய்வகத்தில் 60 மி.மீ. ஷேர் பாக்ஸ்தான் (மாதிரியைக் குறுக்கே வழுக்கவைத்துப் பலம் பார்க்கும் பெட்டி) இருக்கிறது. பெரிய கல்லை எடுத்துவிட்டுச் சோதித்தால் உராய்வுக் கோணம் குறைவாகத்தானே வரும்? பாதுகாப்பான பக்கம்தானே?

பதில்: பெட்டியின் அகலம் பெரிய துகளைப் போல 10 மடங்கும், மாதிரியின் உயரம் 6 மடங்கும் இருக்க வேண்டும். 25 மி.மீ. உயர மாதிரிக்கு 4 மி.மீ. துகள்தான் எல்லை. கல்லோடு கல் தொட்டு நிற்கும் குவியலில் உங்கள் வாதம் சரியாக இருக்கலாம்.

கேள்வி (அவரே): அப்புறம் என்ன? கல் இருப்பதற்காக 3 பாகை கூட்டிக்கொள்கிறேன்.

பதில்: அங்கேதான் தப்பு. நுண்மண் (கற்களுக்கு இடையில் உள்ள பொடி மண்) எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கற்கள் அதற்குள் மிதக்கும். பலம் மண்ணுடையது, கல்லுடையது அல்ல. அப்போது சோதனையில் வந்த எண்ணே உண்மை எண். கூட்டிய 3 பாகை கற்பனை. அதோடு, பெட்டியில் உலர்ந்த மண்ணை இறுக அடைத்திருந்தால் அந்த எண்ணே அதிகம். களத்து ஈரமும் அடர்த்தியும் வேண்டும். நீரில் ஊறவைத்தும் ஒரு தொகுதி செய்யுங்கள். கொட்டும்போது பெரிய கல் அடிவாரத்துக்கு உருண்டுவிடும், பொடி உச்சியிலேயே தங்கும். மாதிரியை எந்த உயரத்தில் எடுத்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: மேட்டில் உள்ள மட்பாறை (இறுகிய களிமண்ணால் ஆன மென்பாறை) நீரில் கரையுமா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் ஒரு கட்டியை நீரில் 24 மணி நேரம் போட்டுவையுங்கள். சேறானால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம். நின்றால் ஸ்லேக் சோதனை (நீரில் உருட்டி எவ்வளவு உதிர்கிறது என்று பார்ப்பது): 40 முதல் 60 கிராம் கட்டிகள் பத்து, 2 மி.மீ. வலை உருளை, நிமிடத்துக்கு 20 சுற்று, 10 நிமிடம். உலர்த்தி இன்னொரு முறை. மிஞ்சிய எடையின் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். கட்டி 5 மி.மீ. சில்லுகளாக உடைந்தாலும் வலைக்குள்ளேயே கிடக்கும், எண் அழகாக வரும். உருளையைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மேட்டின் சரிவுக்கு எத்தனை பாகை வைக்கலாம்?

பதில்: அடியில் என்ன மண்? அது தெரியாமல் பாகை சொல்ல மாட்டேன்.

கேள்வி: மேட்டிலிருந்து அமிலநீர் கசிகிறது.

பதில்: புவிவேதியியலாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: எங்களுடையது 40 மீட்டர், நல்ல கடினப் பாறை. எத்தனை பாகை?

பதில்: மறுபடியும் அதேதான். அடித்தளம்! 1966-ல் வேல்ஸின் ஏபர்ஃபான் கிராமத்தில் சரிந்து 144 பேரைக் கொன்ற நிலக்கரிச் சுரங்கக் கழிவு மேடு ஊற்றுக்கண்களின் மேல் கொட்டப்பட்டது. கடினப் பாறையைக் களிமண் மேல் ஏற்றினால் களிமண்தான் வழுக்கும். கொட்டுவதற்கு முன் அடிவாரக் கோட்டில் குழி வெட்டுங்கள். களிமண் கட்டியைக் கையால் பிளந்தால் பளபளவென்று வழுவழுப்பான முகம் தெரிகிறதா? தெரிந்தால் எஞ்சிய பலத்தை (ஒருமுறை வழுக்கிய பிறகு மிஞ்சும் பலத்தை) வைத்துக் கணக்கிடுங்கள், வழுக்குவதற்கு முந்தைய உச்சபலத்தை மறந்துவிடுங்கள். குழியில் நீர் ஊறினால் முதல் வேலை வடிகால். பாகைக் கேள்வி அதற்குப் பிறகு.