வீட்டு ஓவனில் செய்த புல்ட் போர்க் (நார் நாராகப் பிரியும்வரை மெதுவாக வேகவைக்கும் பன்றிக்கறி) பிரியவே இல்லை, ரப்பர் மாதிரி இருந்தது. அடுத்த முறை நேரத்தைக் குறைக்க வேண்டுமா?

நேரத்தைக் குறைக்காதீர்கள், கூட்டுங்கள். குறைக்க வேண்டியது சூட்டை.

நீங்கள் கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: பினாங்கில் அடுக்குமாடி வீடு, புகைபோட்டுச் சமைக்க இடமில்லை. 2 கிலோ பன்றி இறைச்சியை ஓவனில் 180 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, உள்ளே 80 டிகிரி காட்டியதும் எடுத்திருக்கிறீர்கள். முள்கரண்டியால் இழுத்தால் பிரியவில்லை, மென்றால் சக்கை. அதிகமாக வெந்துவிட்டதோ என்று கேட்கிறீர்கள். இல்லை, அது இன்னும் வேகவில்லை. இதை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இதே இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

நாங்கள் புக்கிட் மெர்தாஜாம் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். ஜூலையில் புனித அன்னாள் கோயில் திருவிழா, டிசம்பரில் கிறிஸ்துமஸ், இரண்டுக்கும் வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். வழக்கமாக அம்மாவின் பன்றி வறுவல்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு, இந்த முறை நான் புல்ட் போர்க் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். தெர்மாமீட்டர் 75 காட்டியது. பன்றிக்கறி 71 டிகிரியில் வெந்துவிடும் என்று படித்திருந்தேன், அதைத் தாண்டிவிட்டதே என்று எடுத்துவிட்டேன். கத்தியால் வெட்டத்தான் முடிந்தது. எல்லாரும் பசியோடு காத்திருந்தார்கள். அத்தை ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "டேய், இது இன்னும் வேகவே இல்லடா, கொண்டா இங்க" என்று வாங்கிப்போய் அம்மாவின் குழம்புச் சட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே துண்டுகள் கரண்டி பட்டதும் பிரிந்து விழுந்தன.

அத்தைக்குத் தெரிந்த அந்த விஷயத்தின் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஆட்டுக்கால் சூப்பை மீதம் வைத்து ஃப்ரிட்ஜில் போட்டால் மறுநாள் ஜெல்லி மாதிரி உறைந்து நிற்கும், சூடாகக் குடித்தால் உதடு ஒட்டும். அந்தப் பிசுபிசுப்பு, எலும்பையும் தசையையும் இணைக்கும் கொலாஜன் உருகி ஜெலட்டின் ஆனதால் வருவது. பன்றியின் தோள்பட்டை நாள் முழுக்க உடம்பைத் தாங்கும் பகுதி, அதனால் அதில் இந்தக் கொலாஜன் நிறைய. அது சுமார் 70 டிகிரிக்கு மேல்தான் குறிப்பிடும்படி உருகத் தொடங்கும். அதுவும் மெதுவாக, மணிக்கணக்கில். ஆனால் தசைநார்கள் அதற்கு முன்பே, 60 டிகிரியைத் தாண்டியதுமே சுருங்கித் தங்கள் நீரைப் பிழிந்துவிடும். ஆகவே 75, 80 டிகிரி என்பது இரண்டுங்கெட்டான் இடம். நீர் போய்விட்டது, கொலாஜன் இன்னும் உருகவில்லை. அங்கே எடுத்தால் கறியின் மிக மோசமான நிலையில் எடுக்கிறோம். இன்னும் பொறுத்து 93 முதல் 96 டிகிரிக்குக் கொண்டுபோனால், உருகிய ஜெலட்டினும் கொழுப்பும் நாருக்கு நார் பூசி, நீர் போன குறையைச் சரிக்கட்டிவிடும்.

நான் படித்த 71 டிகிரியும் பொய் இல்லை. அது பாதுகாப்புக்கான அளவு. அமெரிக்க வேளாண் துறை அதையும் 2011-ல் குறைத்து, முழுத் துண்டு பன்றி இறைச்சிக்கு 63 டிகிரியும் அதன் பிறகு மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று அறிவித்தது. சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்பது ஒரு கணக்கு, விரலால் பிரியும் என்பது வேறு கணக்கு.

இன்னொரு குழப்பமும் இங்கே நடக்கிறது. இந்தச் சமையல் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வந்தது, குறிப்புகளும் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 250 டிகிரி என்று அவர்கள் எழுதுவது நம் ஓவனில் 121. கறிக்குள் 203 என்று எழுதுவது நம் 95. நம் ஓவனை 250-க்குத் திருப்பினால் வெளியே கரி, உள்ளே பச்சை.

சரி, கறி. ஒல்லியான முதுகுக் கறியை இதற்கு வாங்கவே வாங்காதீர்கள், எத்தனை மணி நேரம் வைத்தாலும் அதில் உருகுவதற்கு ஒன்றும் இல்லை. தோள்பட்டைதான் வேண்டும், அதிலும் மேல்பகுதி. அமெரிக்கர்கள் இதை பாஸ்டன் பட் என்பார்கள், பெயரைப் பார்த்துப் பின்பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பினாங்கின் புலாவ் தீக்குஸ் பசாரில் (சந்தையில்) வாங்குகிறேன். காலை எட்டு மணிக்கு முன் போய்விட்டால் நல்ல துண்டு கிடைக்கும். கடைக்கார ஆன்ட்டியிடம் "மெய் ஹுவா" என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார். சீனத்தில் பிளம் பூ என்று அர்த்தம். கறிக்குள் கொழுப்பு வெள்ளை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். சார் சியூவுக்கும் (சீனர்களின் இனிப்பான சுட்ட பன்றிக்கறி) பெரும்பாலும் இந்தப் பகுதியைத்தான் எடுக்கிறார்கள், அதனால் அவர் கை பழக்கமாக நீள நீளமாக வெட்டிவிடுவார். "வெட்ட வேண்டாம், முழுசா, எலும்போடு" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பேரங்காடியில் வாங்கினால் ஹலால் அல்லாத பகுதியில் தனிக் கவுண்டர் இருக்கும், பல இடங்களில் பணமும் அங்கேயே கட்ட வேண்டும்.

தோலோடு கொடுத்தால் தோலை எடுத்துவிடுங்கள். குறைந்த சூட்டில், அதுவும் மூடிவைத்த கறியில், தோல் மொறுமொறுப்பாகாது, தோல் செருப்பு மாதிரி கிடக்கும். அடியில் இருக்கும் கொழுப்பில் அரை சென்டிமீட்டர் மட்டும் கறியில் விட்டால் போதும். எடுத்த தோலைக் கம்பியால் குத்தி, உப்பு தடவி, ஒரு இரவு ஃப்ரிட்ஜில் காயவைத்து, தனியாக 220 டிகிரியில் சுட்டுக்கொள்ளலாம். சீனர்கள் மொறுமொறுவெனச் சுடும் சியோ பாக் பன்றித் தோல் மாதிரி பொரிந்து வரும்.

உப்பைக் கண்ணளவில் போடாமல் எடைபோட்டுப் போடுங்கள்: கிலோவுக்கு 15 கிராம். 2 கிலோவுக்கு 30 கிராம் உப்பு, துருவிய குலா மெலாக்கா (பனைவகை வெல்லம்) 30 கிராம், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு ஒரு மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த சீரகமும் சோம்பும் தலா ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் கொஞ்சம் உரசியது. பினாங்கில் இருந்துகொண்டு ஜாதிக்காயை விடுவதற்கு எனக்கு மனசு வராது. புகைவாசம் வேண்டுமென்றால் மிளகாய்த்தூளில் பாதியை, புகைபோட்ட பாப்ரிக்கா தூளாக மாற்றிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் கரோலினாவில் விறகுப் புகையில் விடிய விடியச் செய்வதற்கு இது ஈடாகாது, ஆனாலும் ஓவன் சமையலுக்கு இது பெரிய உதவி. முதல் நாள் இரவே மசாலாவை எல்லாப் பக்கமும் அழுத்தித் தேய்த்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு உள்ளே இறங்கும், மேற்பரப்பு காய்ந்து நல்ல நிறம் பிடிக்கும்.

அடுத்து ஓவன். நம் வீடுகளில் பெரும்பாலும் மேசைமேல் வைக்கும் 40, 50 லிட்டர் ஓவன்தான், அதன் முள் காட்டும் சூட்டை அப்படியே நம்பக்கூடாது. என்னுடையது 130 என்று வைத்தால் உள்ளே 150 வரை போகிறது. ஓவனுக்குள் தொங்கவிடும் சின்ன தெர்மாமீட்டர் ஒன்றும், கறிக்குள் குத்தும் கம்பி தெர்மாமீட்டர் ஒன்றும் கேக் சாமான் கடையிலோ ஷாப்பி இணையக் கடையிலோ வாங்கிவிடுங்கள். இரண்டும் இல்லாமல் இதைச் செய்வது இருட்டில் துழாவுவதுதான். உள்சூடு உண்மையில் 130 இருக்க வேண்டும். விசிறி ஓடும் ஓவன் என்றால் 110, 115 போதும். தட்டின்மேல் கம்பிவலை, அதன்மேல் கறி, கொழுப்புப் பக்கம் மேலே. சின்ன ஓவனில் மேல்கம்பி கறிக்கு மிக அருகில் இருக்கும், அதனால் கீழ்த்தட்டில் வையுங்கள்.

மூடாமல் மூன்றரை நான்கு மணி நேரம். கறியின் உள்சூடு கடகடவென ஏறும், 65-லிருந்து 70-க்குள் வந்ததும் அப்படியே நின்றுவிடும். ஒரு மணி நேரம் பார்த்தாலும் ஒரு டிகிரி ஏறாது. ஓவன் கெட்டுவிட்டதோ என்று பலர் இங்கேதான் பயந்து சூட்டைக் கூட்டுகிறார்கள். ஓவனில் ஒரு குறையும் இல்லை. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதே வேலைதான் இங்கேயும். பானை கசிந்து ஆவியாகி உள்ளே இருப்பதைக் குளிர்விக்கிறது, கறியும் ஈரத்தை வியர்த்து வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. அந்த ஈரம் வெளியேறாமல் தடுத்துவிட்டால் சூடு மறுபடி ஏறத் தொடங்கும். அதனால் மேலே கருஞ்சிவப்பாக நிறம் பிடித்திருந்தால், அலுமினியத் தாளை இரண்டு மடிப்பாக எடுத்து, மூன்று மேசைக்கரண்டி வினிகர் தெளித்து, காற்று போகாமல் இறுக்கிச் சுற்றி மறுபடி உள்ளே வையுங்கள். இன்னும் இரண்டரை மூன்று மணி நேரம்.

நேரத்தை நான் ஒரு உத்தேசத்துக்குத்தான் சொல்கிறேன். எலும்பைத் தொடாமல் நடுக்கறியில் 95 காட்ட வேண்டும். அதோடு, அந்தக் கம்பி பழுத்த பப்பாளிக்குள் இறங்குவது மாதிரி தடையில்லாமல் இறங்க வேண்டும். எலும்பைப் பிடித்துத் திருகினால் சுத்தமாகக் கழன்று வர வேண்டும். 95 காட்டியும் கம்பி எங்காவது முட்டினால் இன்னும் அரை மணி நேரம் விடுங்கள். அதில் ஒரு கெடுதலும் இல்லை.

வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். தாளோடு பழைய துண்டில் சுற்றி, பிக்னிக்குக்கு எடுத்துப்போகும் ஐஸ் பெட்டியில் ஐஸ் இல்லாமல் ஒரு மணி நேரம் வையுங்கள். சாறு கெட்டிப்பட்டு நாருக்குள் தங்கும். காலை ஒன்பது மணிக்கு ஓவனில் வைத்தால் இரவு ஏழு மணிச் சாப்பாட்டுக்கு நிதானமாக எல்லாம் முடியும். மதியச் சாப்பாட்டுக்குத் திட்டமிடாதீர்கள், விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டியிருக்கும். எலும்பும் கொழுப்பும் நீரும் போக 2 கிலோ கறி ஏறக்குறைய 1 முதல் 1.2 கிலோ ஆகும், எட்டுப் பேருக்குக் காணும்.

பிரித்த பிறகு தாளில் தேங்கிய சாற்றின் கொழுப்பை வழித்துவிட்டு, சாற்றைக் கறியிலேயே ஊற்றிக் கலக்குங்கள். பலர் இதைக் கொட்டிவிடுகிறார்கள், பார்க்கவே வேதனையாக இருக்கிறது. கூடவே புளிப்பு வேண்டும். இனிப்பான தக்காளி சாஸ்தான் இதற்கு என்று நம் ஊரில் நினைக்கிறார்கள். கிழக்கு வட கரோலினாவில் தக்காளியே போடுவதில்லை, வினிகரும் மிளகாயும்தான். அரிசி வினிகர் ஒரு கப், மிளகாய்ச் சீவல் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகு. முதல் நாளே பாட்டிலில் ஊற்றிக் குலுக்கி வைத்தால் போதும். பரிமாறும்போது லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) இரண்டு பிழியுங்கள். பன்னோடு முட்டைக்கோஸ் சாலட் வைப்பதற்குப் பதில் எங்கள் வீட்டில் பினாங்கு அச்சார் (காய்கறி ஊறுகாய்) வைக்கிறோம். அந்தக் கொழுப்புக்கு இதைவிடப் பொருத்தமான புளிப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

அடுக்குமாடி வீடு என்றீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். ஏழு மணி நேரம் இந்த வாசம் நடைபாதை முழுக்க நிற்கும். என் எதிர்வீட்டில் தமிழ் முஸ்லிம் குடும்பம், பக்கத்து வீட்டில் மலாய்க் குடும்பம், இரண்டு வீட்டோடும் நல்ல பழக்கம். முன்கதவைச் சாத்தி, பின்பக்க ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் செய்கிறேன். நோன்பு மாதத்தில் செய்வதில்லை. பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவர்களுக்குக் கொடுக்கும் கேக் இந்த ஓவனில் சுட்டது இல்லை, ஹலால் முத்திரை உள்ள கடையில் வாங்கியது. அதை அவர்களிடம் சொல்லித்தான் கொடுப்பேன்.

மீதமானதை நம் ஊர்ப் புழுக்கத்தில் மேசையில் விட்டுவைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சாற்றோடு டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும், உறைய வைத்தால் இரண்டு மாதம். மறுநாள் அம்மா அதை அப்படியே சூடாக்க விடமாட்டார். சட்டியில் எண்ணெய், சோம்பு, கறிவேப்பிலை, நீளமாக அரிந்த வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, கறியை அதில் கொட்டி, ஓரம் மொறுமொறுவென வரும்வரை பெரிய தீயில் பிரட்டி, இடித்த மிளகு தூவி இறக்குவார். சுடுசோறும் ரசமும். போன கிறிஸ்துமஸுக்கு அத்தை, முதல் நாள் பன் பக்கமே போகாமல், எனக்கு நாளைக்கு அந்த வறுவலுக்குக் கொஞ்சம் எடுத்து வை என்று சொல்லிவிட்டார்.