வெளியே "சரிங்க", வீட்டுக்குள் வெடிப்பு

வணக்கங்க. எனக்கு 38 வயது. அவிநாசி பக்கம் பத்து மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறேன். கணவர் மில் வேலைக்குப் போகிறார். ஒரே பெண், நான்காம் வகுப்பு.

எது நடந்தாலும் பதறாதவள் என்று எனக்குப் பேர். போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம், அளவு குறைகிறது என்று 600 பீஸைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை டைலர்களுக்குச் சம்பளம் போட வேண்டும். வண்டிக்காரத் தம்பியிடம், "சரிங்க, இறக்கி வச்சுட்டுப் போங்க" என்றேன். செக்கிங் டேபிளில் போட்டு டேப்பால் ஒவ்வொன்றாக அளந்தேன். கைகூட நடுங்கவில்லை.

அன்று ராத்திரி, தண்ணீர் பாட்டிலைப் பள்ளியிலேயே விட்டுவிட்டேன் என்றாள் மகள். அதற்கு அரை மணி நேரம் கத்தியிருக்கிறேன். "ஒரு பாட்டலுக்கா அம்மிணி இத்தனை சத்தம்?" என்று அத்தை எழுந்து வந்துவிட்டார்.

இது அடிக்கடி நடக்கிறது. இப்போதெல்லாம் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறாள். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

- பெயர் வேண்டாம், அவிநாசி

அன்புச் சகோதரிக்கு,

அன்று ராத்திரி நீங்கள் கத்தியது அந்த 600 பீஸுக்காக. மதியம் வந்த பயம் ராத்திரிதான் வாயைத் திறந்திருக்கிறது.

நீங்கள் பதறாதவர் என்பதைப் பாதிதான் நம்புகிறேன். வேலை கெடாமல் பார்த்துக்கொண்டீர்கள், அது திறமை. ஆனால் எதிர்பாராத சேதி வந்தால், மூளையில் அமிக்டலா என்ற பகுதி நம்மைக் கேட்காமலே உடம்பை உஷார்படுத்திவிடும். இதயத் துடிப்பு ஏறும், தசை இறுகும், பசி அடங்கும். அன்று மதியம் சாப்பிட்டீர்களா? டிபன் பாக்ஸ் அப்படியே வீடு திரும்பியிருக்கும் என்று நினைக்கிறேன். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குத் தோள் வலிக்கும், சிலர் மெஷினைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். உங்கள் உடம்பு காட்டுவது எது என்று கண்டுபிடியுங்கள். முதல் வேலை அதுதான்.

கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாட்டில் பேச்சு வருவதற்குள் காரியம் கைமீறிவிடுகிறது. கவனிக்க வேண்டிய நேரம் மதியம்.

வண்டி கிளம்பியதும் டேப்பை எடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும். அப்புறம், உள்ளே ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "டென்ஷன்" என்று மொத்தமாகச் சொன்னால் ஒன்றும் விளங்காது. சனிக்கிழமையை நினைத்துப் பயமா, டைலர்கள் முன்னால் அவமானமா, அனுப்பியவர்கள் மேல் ஆத்திரமா? அமெரிக்க உளவியலாளர் மேத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லால் குறிக்கச் செய்தபோது, பார்த்தவர்களின் அமிக்டலா செயல்பாடு குறைந்தது. படம் பார்ப்பதும் சரக்கு திரும்பி வருவதும் ஒன்றல்லதான். ஆனாலும் என்னிடம் வருகிறவர்களுக்கு இது கைகொடுப்பதைப் பார்க்கிறேன்.

வீட்டுக்குள் நுழையும் முன் கணவருக்கு ஒரு போன் போடுங்கள். "இன்னைக்கு ஒரு லாட் திரும்பி வந்துருச்சுங்க, எனக்குப் பயமா இருக்கு." அவர் வழி எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும். தைரியசாலி என்ற பேருக்காக இதை அவரிடம்கூட மறைத்து வந்திருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மகளிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் அம்மாவின் கோபத்துக்குத் தாங்களே காரணம் என்று எடுத்துக்கொள்வார்கள். "கண்ணு, அன்னைக்கு அம்மா கத்துனது கம்பெனிக் கவலையில. உன் மேல தப்பில்ல" என்று நேராகச் சொல்லுங்கள். கணக்கு வழக்கெல்லாம் அவளுக்கு வேண்டாம். அடுத்த முறை வீட்டுக்கு வரும்போதே மனசு சரியில்லை என்றால், "அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் வேணும், அப்புறம் பேசலாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்காது.

தூக்கமின்மை தொடர்ந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மனம்விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால், அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம்.