ராணுவ லாரியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மாதவரத்துப் பட்டறையில் சீரமைக்க முடியுமா?

அமெரிக்க ராணுவத்தின் எம்939 வரிசை லாரியிலிருந்து கழற்றிய, 5 வேக அலிசன் எம்டி654 கியர்பாக்ஸைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மாதவரத்திலேயே சீரமைக்கலாம், ஆனால் சாதாரண கியர்பாக்ஸில் கைதேர்ந்த மெக்கானிக்கும் இதில் பல்சக்கரங்களுக்கு முன் எண்ணெய் அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் எந்தக் கிளட்ச் எப்போது பிடிக்க வேண்டும் என்பதை வால்வு பாடிக்குள் (வால்வுகள் அடங்கிய கட்டுப்பாட்டுப் பகுதி) ஓடும் எண்ணெயே தீர்மானிக்கிறது.

எண்ணெய் தேங்கும் ஆயில் பான் தட்டைக் கழற்றியதும் அடியில் படிந்திருப்பதைப் பாருங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை ஓரளவு இயல்பானதே. கருகிய வாடையுடன் கரும் துகள்கள் இருந்தால் கிளட்ச் பிளேட்டுகள் எரிந்துவிட்டன என்று கொள்ளலாம். ரப்பர் சீல்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் அனைத்தையும் மாற்றிவிடுங்கள். நெடுநாள் கிடந்து இறுகிய சீல், அழுத்தத்தைக் கசியவிட்டுப் புதிய பிளேட்டுகளையும் எரித்துவிடும்.

எண்ணூர்ப் பக்கம் திறந்த கொட்டகையில் கிடந்த பெட்டியென்றால், உப்புக்காற்றில் வால்வுகள் துருப்பிடித்திருக்கக்கூடும். கழுவிய வால்வு தன் எடையிலேயே துளைக்குள் வழுக்கி இறங்க வேண்டும். துடைப்பதற்குக் காட்டன் வேஸ்ட் வேண்டவே வேண்டாம் (பட்டறையில் முதலில் கைக்கு அகப்படுவது அதுதான்). ஒரு நூலிழை போதும், வால்வு சிக்கிக்கொள்ள.

புதிய பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்தே பூட்டுங்கள். டார்க் கன்வெர்ட்டரையும் (என்ஜின் விசையை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) ஆயில் கூலரையும் கழுவாமல் விட்டால், பழைய துகள்கள் நேராகப் புதிய வேலைக்குள் வந்து சேரும்.